புத்தகம் முதலா, ஆய்விதழ் முதலா? தேவனாம்பட்டினத்து நோட்டுகளை முன்வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரில் இருக்கும் உங்கள் அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தேவனாம்பட்டினத்தில் மணற்கரையின் அகலத்தை 14 வருடமாக டேப் பிடித்து அளந்து நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கரை ஏன் சில வருடம் கரைகிறது, முகத்துவாரம் ஏன் சில வருடம் மட்டும் மணல் மூடிக்கொள்கிறது என்பதற்கு இதுவரை யாரும் சொல்லாத ஒரு விளக்கம் அவரிடம் இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு பதிப்பகத்தார் அதை எல்லோரும் படிக்கும்படியான தமிழ்ப் புத்தகமாகப் போட முன்வந்திருக்கிறார்கள். கல்லூரியில் வேலை பார்த்த உங்கள் தாய்மாமா, "புதுக் கருத்து என்றால் முதலில் ஜர்னலில் வரணும், நேரே புத்தகம் போடுவது முறையில்லை" என்று சொல்லிவிட்டார். அப்பா மனம் நொந்து, "டார்வின் புத்தகம்தானே போட்டார்?" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

மாமா சொல்லும் வரிசை சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம் சரியில்லை. முறை, மரியாதை, பட்டம் என்பதெல்லாம் இதில் வராது. ஒரு புதுக் கருத்தை முதலில் யார் கையில் கொடுக்க வேண்டும் என்றால், அதில் தப்பு இருந்தால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் கையில். நம்புவதைத் தவிர வேறு வழியில்லாதவர் கையில் அது அதற்குப் பிறகுதான் போக வேண்டும். நல்ல ஆய்விதழ் முதல் காரியத்தைச் செய்து தருகிறது, நல்ல புத்தகம் இரண்டாவதை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் மாமா பக்கம் நிற்கிறேன்.

ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை போனால் என்ன நடக்கிறது என்பது வெளியில் பலருக்குத் தெரிவதில்லை. இதழாசிரியர் அதைப் படித்துவிட்டு, அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்களை மதிப்பாளர்கள் என்கிறோம். பெரும்பாலும் அவர்கள் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது, அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. எப்படி அளந்தாய், இந்த எண்ணிலிருந்து இந்த முடிவு எப்படி வந்தது, வேறு காரணம் இருக்கக்கூடாதா என்று கேள்விகள் வரும். பதில் எழுத வேண்டும், சில சமயம் திரும்பக் களத்துக்கே போய் அளக்க வேண்டும். பதிப்பகத்தில் இருப்பவர் இந்த வேலையைச் செய்ய முடியாது. அவர் நடையைப் பார்ப்பார், பிழை திருத்துவார், அட்டை போடுவார். மணல் எந்தத் திசையில் எவ்வளவு நகரும் என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் அப்பாவின் வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. இளம் வயதில் நானும் புதுச்சேரிக்கு வடக்கே கரையின் அகலத்தை அளந்து ஒரு கட்டுரை எழுதினேன். ஒரே வருடத்தில் கரை பத்து மீட்டர் உள்வாங்கிவிட்டது என்பது என் முடிவு. மதிப்பாளர் ஒருவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ஒவ்வொரு அளவும் ஓதத்தின் எந்த நிலையில் எடுக்கப்பட்டது? எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓதம் என்றால் கடல் நாள்தோறும் ஏறி வற்றுவது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மணற்கரை சரிவானது. 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், நீர் அரை மீட்டர் ஏறினால் நீர்க்கோடு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். நான் கண்டுபிடித்ததாக நினைத்த அரிப்பு முழுவதும் வெறும் காலை மாலை வித்தியாசமாக இருக்கலாம். நோட்டில் நேரம் எழுதியிருந்த நாட்களை மட்டும் எடுத்து, ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்த எட்டு மாதம் ஆனது. முடிவில் அரிப்பு இருந்தது உண்மைதான், ஆனால் நான் சொன்னதில் பாதிகூட இல்லை. அந்த ஒரு வரியை எழுதியவர் யாரென்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இது சின்ன ஆளுக்கு நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1936-இல் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் என்பவை உண்மையில் இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரை எழுதி, அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினார்கள். இதழாசிரியர் அதை ஒரு மதிப்பாளருக்குக் காட்டினார். பத்துப் பக்கத்துக்குக் குறைகள் எழுதப்பட்டுத் திரும்பி வந்தது. ஐன்ஸ்டைனுக்குக் கோபம். கட்டுரையை அச்சிடத்தான் அனுப்பினோம், அச்சாகும் முன் நிபுணரிடம் காட்ட அனுமதி தரவில்லை என்று பதில் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்த இதழுக்கு அவர் ஆய்வுக் கட்டுரை எதுவும் அனுப்பவில்லை. ஆனால் மதிப்பாளர் சொன்னதுதான் சரி. அவர் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறுதியானது. அவர் ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் நட்பாகப் பேசி, கணக்கில் எங்கே பிசகியது என்று காட்டினார். 1937-இல் வேறொரு இதழில் கட்டுரை வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. அந்தக் கட்டுரை முதல் வடிவத்திலேயே ஒரு மக்கள் புத்தகத்தில் அத்தியாயமாகப் போயிருந்தால், ஐன்ஸ்டைன் பெயர் போட்ட ஒரு தவறு எத்தனை மொழிகளில் எத்தனை வருடம் சுற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஈர்ப்பு அலையை 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி, அதற்கென்றே அமெரிக்காவில் கட்டிய லைகோ கருவிகள் முதன்முதலில் நேரடியாகப் பிடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்த வேலை. வெளியில் வதந்தி பறந்தது. அவர்கள் வாய் திறக்கவில்லை. ஐந்து மாதம் சரிபார்த்து, கட்டுரை மதிப்பாளர்களிடம் போய்த் தேறி வந்த பிறகு, 2016 பிப்ரவரி 11 அன்று அறிவிப்பும் கட்டுரையும் ஒரே நாளில் வந்தன. கட்டுரை வந்த 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்', ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்ட அதே இதழின் குடும்பத்தைச் சேர்ந்தது. நூறு வருடமாகக் காத்திருந்த செய்தியை ஐந்து மாதம் அடக்கி வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள் மேல் பெரிய மதிப்பு வருகிறது.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் என்று உங்கள் அப்பா நினைத்தால், தொல்காப்பியப் பாயிரத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்கு "அரில் தபத் தெரிந்து", அதாவது குற்றம் நீங்க விளக்கிக் காட்டி, நூல் அரங்கேறியது என்று பாயிரம் எழுதிய பனம்பாரனார் சொல்கிறார். குற்றம் கண்டே தீர்வது என்று அதங்கோட்டாசான் கேட்டுக்கொண்டே போனதாகவும் தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னதாகவும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதையும் சொல்கிறார். கதை நடந்ததோ இல்லையோ, கேட்கத் தெரிந்தவர் முன்னால் முதலில் வைப்பது என்ற எண்ணம் நமக்குப் பழையது.

இப்போது டார்வின். அப்பா சொல்வது பாதி உண்மை. 1859 நவம்பர் 24-இல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' 1,250 பிரதிகள் அச்சானது, படித்த பொதுமக்களும் வாங்கினார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருடம், 1858 ஜூலை 1 அன்று, லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் குறிப்புகளும், அதே கருத்தைத் தனியாகக் கண்டடைந்த வாலஸின் கட்டுரையும் சேர்த்து வாசிக்கப்பட்டு, சங்கத்தின் இதழிலும் அச்சாகிவிட்டன. இன்னும் முக்கியமானது அதற்கும் முன்னால் நடந்தது. 1846-இலிருந்து எட்டு வருடம் அவர் செய்த வேலை, பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு உயிரினங்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து வகைப்படுத்தியது. அந்தத் தடிமனான தொகுதிகளை நிபுணர்கள் மட்டும்தான் படித்தார்கள். இனங்களைப் பற்றிப் பேச இவருக்குத் தகுதி இருக்கிறது என்று துறையில் இருந்தவர்கள் ஒத்துக்கொண்ட பிறகுதான் பெரிய புத்தகம் வந்தது. ஆகவே டார்வினைக் காட்டி நேரே புத்தகம் போடலாம் என்று வாதாடுவது கடினம். அந்த எட்டு வருடம் நடுவில் நிற்கிறது.

உங்கள் பக்கத்து ஊரிலேயே இதைவிடப் பொருத்தமான ஒரு கதை உண்டு. 1910-இல் ராமானுஜன் குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனார். அப்போது அது தென்னார்க்காடு ஜில்லா, தலைமையிடம் கடலூர். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயர்தான் மூன்று வருடத்துக்கு முன் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர், இந்தப் பிள்ளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1911-இல் அந்தச் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்களைப் பற்றி. அது லேசில் வரவில்லை. இதழாசிரியர் நாராயண ஐயங்கார் திரும்பத் திரும்ப அனுப்பித் திருத்தச் சொன்னார். ராமானுஜனின் வழிகள் அவ்வளவு புதியவை, எழுத்து அவ்வளவு சுருக்கம், சாதாரணக் கணித வாசகர் பின்தொடர முடியாது என்பது அவருடைய மதிப்பீடு.

அந்தத் திருப்பி அனுப்புதலை ஒரு அவமானமாக எடுத்துக்கொள்ள ராமானுஜனுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் காசு இல்லை. ஆனாலும் திருத்தி அனுப்பினார். அந்த இதழில் வந்த பெயரால்தான் சென்னையில் அவரை நாலு பேருக்குத் தெரிந்தது, அதன் பிறகுதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குப் போன கடிதம். ஹார்டியும் முதலில் கேட்டது நிரூபணம்தான். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். திருக்கோவிலூரில் அந்த நோட்டுகளைப் பார்த்தவர், "நல்ல புத்தகமாகப் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் நமக்கு ராமானுஜன் கிடைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

இனி கடலூருக்கே வருகிறேன். இந்தப் பதிலில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதைத்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உங்கள் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் அதிகமானோர் போனார்கள். அதற்கடுத்த வாரங்களிலேயே, பிச்சாவரம் அலையாத்திக் காடு பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றிவிட்டது என்ற செய்தி எங்கும் பரவியது. மனசுக்கு ஆறுதலான செய்தி. அது அப்படியே ஒரு புத்தகமாகியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும், ராஜேந்திரன் என்ற ஆய்வாளரும் வேறு காரியம் செய்தார்கள். அந்தக் கரையில் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், முன்னால் எவ்வளவு பரப்பில் மரங்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு பொருள் நஷ்டம் என்று அட்டவணை போட்டு, 2005-இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். மரம் அதிகம் உள்ள இடத்தில் சாவு குறைவு என்பது அவர்கள் முடிவு. அட்டவணை கட்டுரையிலேயே இருந்தது. அதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூவர் எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஒரே உயரம், ஒரே தூரத்தில் இருக்கும் குப்பங்களை ஒப்பிட்டால் மரத்தால் தனியாகப் பலன் தெரியவில்லை, உயரமும் தூரமும்தான் உயிரைக் காத்தன, மரங்களும் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தன, அவ்வளவுதான் என்று 2006-இல் அதே இதழில் எழுதினார்கள். உடனே இன்னும் இருவர் அதே எண்களை வேறு முறையில் ஆராய்ந்து, அலையாத்தி இருந்த இடத்தில் இழப்பு குறைவுதான் என்று பதில் எழுதினார்கள். இதற்கிடையில் வேறொரு குழு, கடலூர் மாவட்டக் கரையின் செயற்கைக்கோள் படங்களை வைத்து, அலையாத்தியும் சவுக்குத் தோப்பும் சேதத்தைக் குறைத்தன என்று 2005 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் எழுதியிருந்தது.

இதைக் கேட்டால் சிலர் "கடைசியில் ஒன்றும் முடிவாகவில்லையே" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 18 குப்பங்களின் எண்கள் வெளியில் கிடந்ததால்தான், முன்பின் தெரியாதவர்கள் அதே எண்களை வைத்து எதிர்த்தும் ஆதரித்தும் வாதாட முடிந்தது. மரம் நட்டால் போதும் என்று நம்பித் தாழ்ந்த கரையிலேயே குடியிருப்பு கட்டுவது ஆபத்து என்ற எச்சரிக்கை அந்த வாதத்திலிருந்து வந்தது. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மக்களுக்கான புத்தகத்தில் அந்த அட்டவணைக்கே இடம் இருக்காது. படிப்பவர் அலுத்துப்போவார் என்று முதலில் வெட்டப்படுவது அதுதான்.

நேர்மாறான பாதையில் போனவர்களுக்கு என்ன ஆனது? 1950-இல் வெலிகோவ்ஸ்கி என்ற மனநல மருத்துவர், வெள்ளிக் கோள் வியாழனிலிருந்து பிறந்து, சுமார் 3,500 வருடத்துக்கு முன் பூமியை ஒட்டிப் பறந்தது என்று நேரே ஒரு மக்கள் புத்தகம் போட்டார். அமோக விற்பனை. வானியலாளர்கள் கொதித்துப்போய், அந்தப் பதிப்பகத்தின் பாடப் புத்தகங்களை வாங்க மாட்டோம் என்று நெருக்கினார்கள். பயந்துபோன பதிப்பகம் புத்தகத்தை இன்னொரு பதிப்பகத்திடம் கொடுத்துவிட்டது. விஞ்ஞானிகள் அப்படிச் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். கருத்து தவறென்று காட்டுவதற்குப் பதிலாக அவரைத் தியாகியாக்கிவிட்டார்கள். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது வேறு. புத்தகமாக லட்சம் பேர் கைக்குப் போன பிறகு, எழுதியவரால் பின்வாங்க முடிவதில்லை. ரசிகர்கள் விட மாட்டார்கள், தன்மானமும் விடாது. மதிப்பாளரின் கடிதம் வரும்போது அதைப் பார்ப்பது நீங்களும் இதழாசிரியரும் மட்டும்தான். அங்கே மனத்தை மாற்றிக்கொள்வது எளிது. ஐன்ஸ்டைனாலும் அதனால்தான் மாற்றிக்கொள்ள முடிந்தது.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் இன்னொரு கவலையும் எனக்கு இருக்கிறது. கரை அரிப்பு வெறும் அறிவுப் பொருள் இல்லை. புதுச்சேரியில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கல் போட்ட பிறகு, வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கே வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், அதற்கும் மேலே தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை கரை போனது. ஓரிடத்தில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு, போட்டால் அடுத்த குப்பத்தில் மணல் குறையும் என்பது எங்கள் பகுதியில் மீனவர்கள் அனைவரும் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. இப்படிப்பட்ட இடத்தில் "காரணம் இதுதான்" என்று ஒரு தமிழ்ப் புத்தகம் வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் மனு கொடுப்பார்கள். கொடுக்கவும் வேண்டும். அந்த விளக்கம் தவறாக இருந்தால், இன்னொரு குப்பத்தின் வீடுகள் கடலுக்குப் போகும்.

சரி, மாமா எங்கே தவறுகிறார்? ஆய்விதழில் வந்துவிட்டால் உண்மை, வராவிட்டால் பொய் என்று அவர் நினைப்பதாகத் தெரிகிறது. அது அப்படியில்லை. 1998-இல் 'லான்செட்' இதழிலேயே, 12 குழந்தைகளை மட்டும் வைத்து, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கட்டுரை வந்தது. அதைத் திரும்பப் பெற 2010 வரை ஆனது. எத்தனையோ பெற்றோர் அதற்குள் பயந்து தடுப்பூசியைத் தவிர்த்துவிட்டார்கள். வெளி மதிப்பாளரிடம் அனுப்பும் முறையும் மாமா நினைக்கும் அளவு பழையதில்லை. 'நேச்சர்' இதழ் அதை எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயமாக்கியது 1973-இல்தான். 1953-இல் வந்த டிஎன்ஏ கட்டுரை அப்படி எவரிடமும் போகவில்லை.

அதேபோல ஆய்விதழுக்கே போகாமல் சோதனை நடந்த உதாரணமும் உண்டு. ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் 2002, 2003-இல், வெகுகாலமாக யாராலும் நிரூபிக்க முடியாதிருந்த பொவான்கரே ஊகம் என்ற கணிதப் புதிரின் நிரூபணத்தை, இணையத்தில் ஆய்வாளர்கள் கட்டுரைகளை வைக்கும் பொதுத் தளத்தில் போட்டதோடு விட்டுவிட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. துறை வல்லுநர்கள் பல குழுக்களாகப் பிரிந்து வரி வரியாக வருடக்கணக்கில் சரிபார்த்தார்கள். ஆக, இதழின் பெயரில் ஒன்றும் இல்லை, சரிபார்த்தலில் இருக்கிறது. எல்லாப் புத்தகத்துக்கும் இந்த வரிசை தேவை என்பதும் இல்லை. ஏற்கெனவே சோதிக்கப்பட்ட விஷயங்களைக் கோத்து எளிமையாகச் சொல்லும் புத்தகம், சொந்த அனுபவக் குறிப்புகள், கரையோர மக்களின் அறிவைத் தொகுக்கும் புத்தகம், இவற்றையெல்லாம் தாராளமாக நேரே போடலாம். "இதுவரை யாரும் சொல்லாத காரணம்" என்ற பகுதிக்குத்தான் காத்திருப்பு.

மாமாவிடம் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. புத்தகத்தை அவர் இரண்டாந்தரமாகப் பார்க்கிறார். ஆய்விதழ் ஆங்கிலத்தில் இருக்கும், பலசமயம் பணம் கட்டித்தான் படிக்க முடியும். உங்கள் அப்பா 14 வருடம் கரையில் நடந்தபோது, "இந்த வருஷம் வாடை முன்னாடியே வந்துடுச்சு, வாய் மூடிக்கும்" என்று சொல்லிக் கொடுத்த மீனவர்கள் அந்தக் கட்டுரையை என்றுமே பார்க்க மாட்டார்கள். அறிவைக் கொடுத்தவர்களுக்கு அது திரும்பிப் போக வேண்டும், அவர்கள் மொழியில் போக வேண்டும். கலிலியோ 1610-இல் தொலைநோக்கியில் கண்டதை முதலில் அறிஞர்கள் மொழியான லத்தீனில் எழுதினார். 1632-இல் பெரிய வாதத்தைத் தன் ஊர் மக்கள் மொழியான இத்தாலியனில் எழுதினார். இரண்டும் வேண்டும். அப்பாவின் தமிழ்ப் புத்தகம் வர வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அதனால் என் யோசனை இது. வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் அளவுகள்: எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நிலைக்குறியிலிருந்து (அளவைத் தொடங்கும் மாறாத அடையாளம்), எத்தனை மீட்டர். 14 வருடம் ஒரே ஆள் ஒரே கரையில் அளந்த கணக்கு மிக அரிது, விளக்கம் தவறாகப் போனாலும் இந்த எண்களின் மதிப்பு போகாது. அதன் பிறகு விளக்கம், தனியாக, ஐந்தாறு பக்கத்தில். 'கரண்ட் சயின்ஸ்' போன்ற இந்திய இதழ்கள் குறுங்கட்டுரைகளையும் வெளியிடுகின்றன. பட்டம் இல்லை என்று அப்பா தயங்க வேண்டாம், சர்வே வேலை தெரிந்தவரின் அளவுகளை மதிப்பாளர்கள் மதிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதத் துணை வேண்டுமென்றால், மாமா வாதம் செய்த நேரத்தில் அதைச் செய்து கொடுக்கட்டும்.

வரிசையை மாற்றினால் வரும் ஒரு நடைமுறைச் சிக்கலையும் பதிப்பகத்தாரிடம் பேசும் முன் தெரிந்துகொள்ளுங்கள். வேறெங்கும் அச்சாகாத ஆய்வைத்தான் பெரும்பாலான இதழ்கள் ஏற்கும். 1969-இல் அமெரிக்காவின் ஒரு மருத்துவ இதழின் ஆசிரியர் இங்கல்ஃபிங்கர் இதை வெளிப்படையான விதியாகவே அறிவித்தார், பல இதழ்கள் பின்பற்றின. புத்தகம் முதலில் வந்தால் இதழின் கதவு சாத்தப்படலாம். கட்டுரை முதலில் வந்தால் புத்தகத்துக்கு எந்தத் தடையும் இல்லை, எந்தப் பகுதியை எப்படி எடுத்தாளலாம் என்று இதழிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். பதிப்பகத்தாரிடம் ஒன்றரை வருடம் அவகாசம் கேளுங்கள். நல்ல பதிப்பகம் என்றால் காத்திருக்கும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அப்பாவின் பெயர் எங்காவது வெளியில் தெரிந்தால், மின்னஞ்சலில் அழைப்புகள் வரத் தொடங்கும்: பணம் கட்டுங்கள், ஒரே வாரத்தில் சர்வதேச ஜர்னலில் பேப்பர் போட்டுத் தருகிறோம் என்று. அவற்றில் மதிப்பாளர் என்று யாரும் கிடையாது. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்கியது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் வருவதைவிட நேரே புத்தகமாக வருவது எவ்வளவோ நேர்மையானது. ஒரு வாரத்தில் சரி என்று சொல்லும் எந்த இதழுக்கும் நோட்டுகளைக் கொடுக்காதீர்கள்.

முதல் வேலையாக, இந்த வாரமே அந்த நோட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் நேரம் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால் இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையோடு வைத்துத் திருத்திவிடலாம், அதில் நான் உட்கார்ந்து உதவுகிறேன். எழுதாத நாட்களைத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். எப்போதும் காலை நடைக்குப் போகும்போதே அளந்தார் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஓரளவு மீட்டுவிடலாம். எல்லா நோட்டையும் ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள், முதுநகர்ப் பக்கம் மழை வெள்ளம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்.